சான்சின் கட்டா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கராத்தே வகுப்பில் சான்சின் ஆரம்பித்த புதிதில் எல்லாரும் கேட்கிற கேள்விகள் இவை. நானும் கேட்டிருக்கிறேன். அப்போது கிடைத்த பதில்களில் பாதி வெறும் கதை என்று பின்னால்தான் தெரிந்தது. அதனால் கதையைக் கதையென்றே சொல்லி எழுதியிருக்கிறேன்.

சான்சின் என்பது என்ன?

ஒகினாவாத் தீவின் நாஹா நகரத்து வழியில் வந்த கராத்தே பிரிவுகளுக்கு அடித்தளமான கட்டா. கட்டா என்றால் எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர். சான்சினில் தாவல் கிடையாது, சுழன்றடிக்கும் உதை கிடையாது. முன்னே சில அடிகள், குத்து, தடுப்பு, கடைசியில் இரண்டு கையாலும் வட்டமாக வாங்கித் தள்ளுவது, அவ்வளவுதான். பார்க்கிறவருக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். ஒழுங்காகச் செய்கிறவருக்கு மூன்றாவது அடியிலேயே வேர்த்துவிடும்.

அசைவுகளை மனப்பாடம் செய்ய ஒரு சாயங்காலம் போதும். அப்புறம் ஏன் ஆயுள் முழுக்கச் செய்கிறார்கள்? மற்ற கட்டாக்களில் கற்கும் குத்தும் தடுப்பும் எந்த உடம்பிலிருந்து புறப்பட வேண்டுமோ, அந்த உடம்பைச் செய்துகொடுப்பதுதான் இதன் வேலை. கீழே வரும் பதில்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வரும்.

பெயருக்கு என்ன பொருள்?

‘சான்’ என்றால் மூன்று, ‘சின்’ என்றால் போர். மூன்று போர்கள். எந்த மூன்று? உடம்பு, மூச்சு, மனம் என்பது வகுப்புகளில் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சீனாவில் இதே பெயரில் உள்ள வடிவங்களில் மூன்று அடி முன்னேறுவது பரவலாக வருகிறது. அதைப் பார்த்தால், மூன்று என்பது முதலில் வெறும் காலடிக் கணக்காக இருந்து, தத்துவம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

உச்சரிப்பிலும் ஒரு தடயம் இருக்கிறது. ‘சின்’னில் வருவது ‘பச்சை’யில் வருகிற அழுத்தமான ச். அந்த இரண்டு எழுத்தையும் ஜப்பானிய முறைப்படி வாசித்தால் ‘ஸான்ஸென்’ என்று வரும், மாண்டரினில் ‘ஸான் ஜான்’. தென்சீனாவின் ஃபூஜியன் மாகாணப் பேச்சில்தான் ‘சாம் சியென்’ என்பது போல ஒலிக்கிறது. ஒகினாவாக்காரர்கள் வாயில் இருப்பது இந்தக் கடைசி ஓசைக்கு நெருக்கம். எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைப் பெயரே காட்டிக்கொடுக்கிறது.

அப்படியென்றால் இது சீனாவிலிருந்து வந்ததா?

ஆமாம். இதில் பெரிய சண்டை யாருக்கும் இல்லை. ஃபூஜியனின் வெண்நாரைக் குத்துமுறை, ஐந்து முன்னோர் குத்துமுறை போன்றவற்றில் இதே பெயருள்ள வடிவம் இன்றும் அடிப்படைப் பாடமாக இருக்கிறது.

ஒகினாவா அப்போது ஜப்பானின் பகுதி அல்ல. 1429 முதல் 1879 வரை ரியூக்யூ என்ற தனி அரசு. சீனப் பேரரசருக்குத் திறை செலுத்தி, அந்த உறவை வைத்து வியாபாரம் நடத்திய நாடு. 1392-லிருந்து ஃபூஜியன் குடும்பங்கள் வந்து நாஹாவுக்குப் பக்கத்தில் குமேமுரா என்ற குடியிருப்பில் தங்கின. எதிர்ப்பக்கத்தில், ஃபூஜியனின் ஃபூஜோ நகரத்தில் ரியூக்யூ ஆட்கள் தங்க ஒரு விடுதி இருந்தது. தூதர், மாலுமி, வியாபாரி, மாணவர் என்று ஆட்கள் நூற்றாண்டுக் கணக்கில் போய் வந்திருக்கிறார்கள். பட்டும் மருந்தும் வந்த கப்பலில் குத்தும் வந்தது.

யார் உருவாக்கினார், எந்த ஆண்டில் என்று யாராவது ஒரே பெயரைச் சொன்னால் நம்பாதீர்கள்.

காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே இதைக் கொண்டுபோனார்?

நம் ஊரில் இந்தக் கேள்வி வராத வகுப்பே இல்லை. பதில் பிடிக்காது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை.

போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547-ஆம் ஆண்டுவாக்கில் எழுதப்பட்டது. அதில் அவர் பாரசீகத்துக்காரர் என்று இருக்கிறது. அடுத்து வரும் குறிப்பு ஒன்று தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சி, பல்லவர் என்பதெல்லாம் அதற்கும் பிறகு சேர்ந்தவை. இந்தப் பழைய குறிப்புகள் எதிலும் அவர் சண்டை கற்றுக்கொடுத்ததாக ஒரு வரி கிடையாது. ஷாவோலின் துறவிகளுக்கு அவர் பயிற்சி தந்தார் என்ற கதைக்கு வேர், அவர் பெயரில் உலவிய ஒரு தசைநாண் பயிற்சி நூல். அதன் முன்னுரையில் பழைய தேதி போட்டிருந்தாலும், நூல் கிளம்பியது 17-ஆம் நூற்றாண்டில்தான் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதாவது அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது.

இந்தக் கதையை நாம் மட்டும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜப்பானிய, ஒகினாவா ஆசிரியர்கள் பலரும் இதை நம்பிச் சொல்லியிருக்கிறார்கள். சுவரில் தருமா படம் (போதிதர்மரை ஜப்பானில் அப்படித்தான் அழைப்பார்கள்) மாட்டிய பயிற்சிக்கூடங்கள் எத்தனையோ. மரியாதைக்கு மாட்டுவதில் தப்பில்லை. வரலாறு என்று சொல்லும்போதுதான் இடிக்கிறது.

ஒகினாவாவில் இதைப் பரப்பியது யார்?

இரண்டு பெயர்கள் முக்கியம். இரண்டு பேரும் தனித்தனியாக ஃபூஜோ போய், தனித்தனி ஆசிரியர்களிடம் கற்று, தனித்தனிச் சான்சினோடு திரும்பினார்கள்.

முதலாமவர் ஹிகாவோன்னா கன்ரியோ (1853–1915), நாஹாக்காரர். இளவயதில் ஃபூஜோ போனார். எந்த ஆண்டு, எத்தனை ஆண்டு என்பதில் ஆளுக்கொரு கணக்கு. அங்கே அவருடைய ஆசிரியர் பெயர் ‘ரியூ ரியூ கோ’ என்று ஒகினாவா வாய்மொழியில் தங்கியிருக்கிறது. அந்த ஆள் சீன ஆவணங்களில் யார் என்று கண்டுபிடிக்கவே தனி ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. திரும்பி வந்த ஹிகாவோன்னா கற்றுக்கொடுத்த முறை வெகு எளிது: முதலில் சான்சின், அப்புறமும் சான்சின். மூன்று நான்கு வருடம் வேறு எதையும் தொடவிடமாட்டார் என்று அவர் வழியில் வந்தவர்கள் சொல்வார்கள்.

அவரிடம் 1902-இல் பதினான்கு வயதில் சேர்ந்த பையன்தான் மியாகி சோஜுன் (1888–1953). பிற்காலத்தில் கோஜு-ரியூ என்ற பிரிவுக்குப் பெயர் வைத்தவர். ‘கோ’ என்றால் வன்மை, ‘ஜு’ என்றால் மென்மை. ‘புபிஷி’ என்று ஒகினாவாவில் கையால் படியெடுத்துப் பாதுகாத்த சீன நூல் ஒன்றில், மூச்சை உள்வாங்குவதும் வெளிவிடுவதும் வன்மையும் மென்மையுமாகும் என்ற கருத்துள்ள வரி வருகிறது. பெயர் அங்கிருந்து எடுத்தது.

இரண்டாமவர் உவேச்சி கன்புன் (1877–1948). மோட்டோபு தீபகற்பத்தின் விவசாயக் குடும்பம். 1897-இல் ஃபூஜோ போனார். ஜப்பானியப் படையில் கட்டாயச் சேவையிலிருந்து தப்பிக்கத்தான் போனார் என்று சொல்லப்படுகிறது. ஷூ ஷிவா என்று ஒகினாவாவில் அழைக்கப்படும் ஆசிரியரிடம் கற்று 1910-இல் திரும்பினார். திரும்பியவர் பல ஆண்டுகள் யாருக்கும் ஒரு பாடம்கூடச் சொல்லித்தரவில்லை. பிழைப்புக்காக ஜப்பானின் வகாயாமாவுக்குப் போய் ஆலையில் வேலை செய்தபோது, அங்கிருந்த ஒகினாவாக்காரர்கள் கெஞ்சிக் கேட்டு 1920-களின் நடுவில்தான் ஆரம்பித்தார். அவர் கொண்டுவந்த கட்டாக்கள் மொத்தமே மூன்று: சான்சின், சேசான், சான்சேரியூ. இந்தப் பிரிவு இன்று உவேச்சி-ரியூ.

கையை மூடிச் செய்வதா, விரித்துச் செய்வதா? எங்கள் மாஸ்டர் ஒன்று சொல்கிறார், இணையத்தில் வேறு மாதிரி இருக்கிறது.

இரண்டும் சரி. கோஜு-ரியூவில் முஷ்டி மூடியிருக்கும். குத்தும் தடுப்பும் தசையை இறுக்கி மெதுவாக நடக்கும். உவேச்சி-ரியூவில் கை விரிந்திருக்கும், கட்டைவிரல் மடிந்திருக்கும், குத்துக்குப் பதில் விரல் நுனியால் சட்டென்று குத்திட்டு வாங்குவது. சீனத்தில் பெரும்பாலும் விரித்த கைதான்.

அப்படியானால் நாஹாவில் கை எப்போது மூடியது? ஹிகாவோன்னாவே முதலில் விரித்த கையோடு, இன்னும் வேகமாகச் செய்தார் என்றும், கராத்தே பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்த காலத்தில் முஷ்டி வந்தது என்றும் ஒரு மரபு சொல்கிறது. எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது. பள்ளிப் பையன்கள் நாற்பது பேர் விரல் நுனியால் குத்திப் பழகுவதை எந்த வாத்தியார் ஒத்துக்கொள்வார்?

மியாகி இன்னொரு மாற்றமும் செய்தார். ஹிகாவோன்னா வழியில் இரண்டு தடவை திரும்ப வேண்டும். மியாகி, திரும்பாமல் முன்னே போய் அப்படியே பின்னே வரும் ஒரு வடிவத்தை அமைத்தார். பின்னால் நகரும்போது நிலை குலையாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். பல கோஜு வகுப்புகளில் இரண்டையும் சொல்லித்தருகிறார்கள்.

எப்படி நிற்க வேண்டும்?

சான்சினில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கால்கள் தோள் அகலம். ஒரு கால் கொஞ்சம் முன்னே, ஆனால் வெகுதூரம் இல்லை. முன்காலின் குதிகாலும் பின்காலின் விரல்களும் ஒரே கோட்டில் வர வேண்டும். முன்பாதம் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்கும். இரண்டு முழங்காலும் லேசாக மடிந்து, தொடைகள் ஒன்றையொன்று நோக்கி இறுகும். எடை இரண்டு காலிலும் சமம். கால் விரல்கள் தரையைப் பற்றும். வால் எலும்பை உள்ளே வாங்க வேண்டும், அப்போது இடுப்பின் பின்வளைவு நேராகி அடிவயிறு தானாக இறுகும். தோள் கீழே. மோவாய் உள்ளே. முதுகின் இரண்டு பக்கமும் அக்குளுக்குக் கீழே உள்ள அகலத் தசைகள் விலாவைக் கட்டிப்பிடித்தது போல இருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரே நேரத்தில் நினைத்தால் ஒன்றுமே வராது. ஓடும் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று பாருங்கள். பிரேக் போடும்போது உங்கள் முழங்காலும் இடுப்பும் என்ன செய்கின்றனவோ, அதற்குப் பக்கத்தில்தான் சான்சின் நிலை இருக்கிறது.

ஒகினாவாப் பேச்சில் இதற்கென்றே சொற்கள் உண்டு. ‘காமகு’ என்பது இடுப்புக்கு மேல், விலாவுக்குக் கீழ் உள்ள பகுதியும் அதை வேலைவாங்கும் விதமும். ‘சின்குச்சி’ என்பது மூட்டும் தசையும் தசைநாணும் ஒரே கணத்தில் பூட்டிக்கொள்ளும் இறுக்கம். ‘முச்சிமி’ என்பது மாவு போல் ஒட்டிக்கொண்டு விடாத கை. ஜப்பானியத்துக்குக்கூடச் சரியாகப் பெயராத சொற்கள் என்பார்கள்.

அசைவுகள் என்ன வரிசையில் வரும்?

கோஜு வழியைச் சொல்கிறேன். வணங்கி நின்று, வலதுகாலைப் பிறை வடிவில் உள்ளே கொண்டுவந்து வெளியே வைப்பது முதல் அடி. நேராக எடுத்து வைத்தால் எதிராளியின் காலில் மாட்டும். பிறை வளைவில் போனால் அவன் காலைச் சுற்றிக்கொண்டு போகலாம், தொடைக்கும் பாதுகாப்பு. காலோடு இரண்டு கைகளும் குறுக்கே போய், உள்ளிருந்து வெளியே நடுமட்டத்தில் தடுப்பாக நிற்கும். முஷ்டி தோள் உயரம், முழங்கை விலாவிலிருந்து ஒரு முஷ்டி தூரம்.

அதன் பிறகு இடதுகையை மெதுவாக விலாவுக்கு இழுத்து, மெதுவாகக் குத்தி, நீட்டிய கையை முழங்கை கீழிறங்க மடக்கி மறுபடி தடுப்புக்குக் கொண்டுவருவது. இன்னொரு அடி, வலதுகையால் அதே வேலை. இன்னொரு அடி, மறுபடி இடதுகை. திரும்பும் வடிவமானால் இங்கே திரும்புவார்கள். முடிவில் கைகள் விரிந்து, இரண்டும் எதையோ பற்றி விலாவுக்கு இழுத்து மறுபடி நீளும், மூன்று தடவை. கடைசியாகப் பின்னால் அடி வைத்து வட்டமாகத் தடுத்து உள்ளங்கையால் தள்ளுவது, இரண்டு தடவை.

வலதும் இடதும் சமமாக வரவில்லையே என்று கணக்குப் பார்க்காதீர்கள். நானும் பார்த்து, ஒரு வாரம் அதையே யோசித்தேன். பயனில்லை.

மூச்சை எவ்வளவு சத்தமாக விட வேண்டும்?

மூக்கால் உள்ளே, வாயால் வெளியே. கையோடு மூச்சு தொடங்கி, கையோடு மூச்சு முடிய வேண்டும். மார்பு ஏறக் கூடாது, வயிறு வேலை செய்ய வேண்டும். வெளிவிட்டு முடிக்கும்போது கடைசியில் சின்னதாக ஒரு அழுத்தம். கோஜுவில் தொண்டையின் அடியிலிருந்து ஒரு ஓசை வரும். உவேச்சியில் மூச்சு சின்னது, பெரும்பாலும் பல்லிடுக்கில் ‘ஸ்’ என்பதோடு சரி.

இந்த ஓசை பல இடங்களில் குக்கர் விசிலாகிவிட்டது. சத்தம் பலத்துக்கு அடையாளம் இல்லை. தொண்டையை இறுக்கி உறுமினால் கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும், அடிவயிறு சும்மா இருக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற அளவு போதும்.

செய்துகொண்டிருக்கும்போது மாஸ்டர் தோளிலும் முதுகிலும் அடிக்கிறாரே, ஏன்?

அதற்கு ‘ஷிமே’ என்று பெயர், இறுக்குதல் என்று சொல்லலாம். தோளில் தட்டுவது, தோள் ஏறியிருக்கிறதா என்று பார்க்க. அக்குளுக்குக் கீழே அழுத்துவது, அகலத் தசை விழித்திருக்கிறதா என்று பார்க்க. தொடையில் தட்டுவது, வயிற்றில் அழுத்துவது, குத்தும் முஷ்டியை எதிரே பிடித்துத் தள்ளுவது எல்லாம் இதில் சேரும். எந்த இடம் தூங்குகிறது என்று கையால் கேட்கிற கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவருக்கு இது விரல் தொடுதலாகத்தான் இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் பழகியவருக்கு ஓங்கிய அடியாக ஏறும். மேடையில் சான்சின் நிலையில் நிற்பவர் மேல் கட்டையை உடைப்பது உண்டு. அது வேடிக்கை, பயிற்சி இல்லை. காதுப் பக்கம், சிறுநீரகப் பகுதி, முதுகெலும்பு, முழங்கால் மூட்டு இவற்றில் அடிக்கிறவர் ஷிமே தெரியாதவர். அங்கே நிற்க வேண்டியதில்லை.

ரத்த அழுத்தம் இருக்கிறது. செய்யலாமா?

முதலில் டாக்டரிடம் கேளுங்கள். மூச்சை அடக்கி உடம்பை இறுக்கினால் மார்புக்குள் அழுத்தம் ஏறி, ரத்த அழுத்தமும் சட்டென்று எகிறும். பாரம் தூக்குகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. குடலிறக்கம், கண் அழுத்த நோய், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இறுக்கிச் செய்யும் சான்சினைத் தவிர்ப்பது நல்லது. மற்றவர்களும் ஒன்றை நினைவில் வையுங்கள்: மூச்சு எந்த இடத்திலும் நிற்கக் கூடாது. தலை கிறுகிறுத்தால் நிறுத்திவிட்டு உட்காருங்கள். மியாகியே 1953-இல் அறுபத்தைந்து வயதில் இறந்தார், அதற்குச் சான்சின்தான் காரணம் என்று கிளப்புகிறவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஒகினாவா பட்ட பாட்டையும், அதில் அவர் பிள்ளைகளையும் மூத்த மாணவரையும் இழந்ததையும் அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

தெருச் சண்டையில் இது உதவுமா?

இப்படியே மெதுவாக நடந்துபோய்க் குத்தினால் உதை வாங்குவீர்கள். ஆனால் உள்ளே இருப்பது நெருக்கச் சண்டைக்கான பொருள். அந்தத் தடுப்பு, எதிராளியின் இரண்டு கைக்கும் நடுவில் நுழைந்து பிளப்பது. முழங்கையை விலாவோடு வைத்திருப்பது, உங்கள் நடுப்பகுதியை அவனுக்குக் கொடுக்காமல் இருப்பது. பற்றி இழுக்கும் கை, சட்டையையோ கையையோ பிடித்துச் சாய்ப்பது. கடைசி வட்டத் தடுப்பு, ஒரு கையால் விலக்கி மறுகையால் பிடித்துத் தள்ளுவது. கோஜு-ரியூவின் சேயென்சின், சேசான் போன்ற கட்டாக்களில் இவையெல்லாம் வேகத்தோடு வரும். சான்சின் கால் ஊன்றவில்லை என்றால் அவை வெறும் கையாட்டம்.

டென்ஷோ என்பது வேறா?

வேறு கட்டா, ஆனால் உடன்பிறப்பு மாதிரி. மியாகி உருவாக்கியது. நிலையும் காலும் சான்சினுடையவை, கைகள் மட்டும் விரிந்து, மணிக்கட்டு வளைந்து, நீரோட்டம் போல ஓடும். சான்சின் வன்மை, டென்ஷோ மென்மை என்று சேர்த்துப் படிப்பார்கள். சான்சின் செய்து விறைத்துப்போன தோளுக்கு இது மருந்து.

கோஜு, உவேச்சி தவிர வேறு எங்கே இருக்கிறது?

ஷிட்டோ-ரியூ என்ற கராத்தே பிரிவில் உண்டு. மியாகியிடமும் படித்த ஷிமாபுகு தட்சுவோ 1956-இல் தொடங்கிய இஷ்ஷின்-ரியூவில் உண்டு. கியோகுஷின் பிரிவில் ஓயாமா மசுதட்சு இதையும் டென்ஷோவையும் சேர்த்துக்கொண்டார். ஷோட்டோகான் பிரிவில் இல்லை. அது ஒகினாவாவின் ஷூரி நகரத்து வழியிலிருந்து கிளைத்தது, அங்கே இந்த அடித்தள வேலையைச் செய்தது நைஹான்சி என்ற கட்டா.

போட்டியில் ஏன் யாரும் செய்வதில்லை?

மெதுவாக ஆறேழு அடி நடப்பதற்கு மதிப்பெண் விழாது. கோஜுக்காரர்கள் போட்டிக்குச் சூப்பாரின்பே என்ற கட்டாவைத்தான் எடுப்பார்கள், நீளமும் வேகமும் அதில் இருக்கிறது.

தினமும் எத்தனை முறை செய்யலாம்? வீடியோ பார்த்துக் கற்க முடியுமா?

வரிசையை வீடியோவில் எடுத்துக்கொள்ளலாம். இறுக்கத்தை எடுக்க முடியாது, அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி முன்னால் நின்றால் தோள் ஏறுவது தெரியும், வால் எலும்பு தெரியாது. மாதம் ஒருமுறையாவது தெரிந்த ஒருவர் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

எத்தனை முறை என்றால், தொடக்கத்தில் ஒரு நாளைக்கு மூன்று போதும். முதலாவதை இறுக்கமே இல்லாமல், காலை மட்டும் கவனித்துச் செய்யுங்கள். இரண்டாவதில் மூச்சு. மூன்றாவதில் மட்டும் இறுக்கம், அதுவும் பாதி. செருப்பில்லாமல், வழுக்காத தரையில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. மொட்டை மாடியில் செய்கிறவர்கள் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு போங்கள், கால் விரலால் தரையைப் பற்றச் சொல்லியிருக்கிறேன், சுடுகிற சிமென்டைப் பற்ற முடியாது.